விட்டுக்கொடுத்த மூலை

பிப்ரவரி 3, திங்கள்

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நீங்களும் அண்ணனும் நன்றாக இருப்பீர்கள் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நான்கு வருடமாக யாரும் எனக்குச் சொல்வதில்லை. போன் செய்தால் எடுக்க மாட்டீர்கள். எடுத்தாலும் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கிழிக்கிறதுக்கு முன்னால் ஒரு வரியாவது கண்ணில் படும். அதனால்தான் எழுதுகிறேன்.

கிளப்பில் நீங்கள் விட்டுப்போன பந்து உருட்டும் புல்தரை என் பொறுப்புக்கு வந்தபின் ஒரு பூச்சிகூடக் கிடையாது. மாதம் ஒரு தடவை மருந்து போடுகிறேன். முன்பு பிள்ளைப்பூச்சி மண்ணைக் குடைந்து குடைந்து, உருண்டு வரும் பந்து நடுவழியில் துள்ளுமே, அந்தப் பேச்சே இப்போது இல்லை. ஆனால் தரையின் நடுவில், ஒரு பெரிய கட்டில் அளவுக்கு, புல் மெலிந்துவிட்டது. தண்ணீர் விட்டால் இறங்காமல் அப்படியே நிற்கிறது. வேறு இரண்டு ரகம் வைத்துப் பார்த்தேன், நிறம் சேரவில்லை, பந்தும் மெதுவாகப் போகிறது.

மார்ச் 30 பெரிய போட்டி. பதினாறு கிளப்பிலிருந்து வருகிறார்கள். அந்தப் பழைய ரகப் புல் உங்கள் வீட்டுப் பின்பக்கம் மட்டும்தான் இருக்கிறது. கிளப் தரையே அங்கிருந்து போனதுதானே. மண்ணோடு வெட்டிய இருபது துண்டு, முழங்கை நீளம் போதும். ஆனது ஆகிவிட்டது, மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

அண்ணனுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது?

உங்கள் பாப்பா


பிப்ரவரி 9, ஞாயிறு

பாப்பாவுக்கு,

மேலே 'அன்புள்ள' இல்லாதது மறதியால் அல்ல.

ஆனது ஆகிவிட்டது என்கிறாய். ஆக்கியது யார்? உனக்கு மறந்திருந்தால் நான் எழுதித் தருகிறேன், எனக்கு ஒரு வரி விடாமல் ஞாபகம் இருக்கிறது.

துணிக்கடை மூடி, வேலை இல்லாமல் என் வீட்டுக்கு வந்து நின்றாய். உன் அண்ணன் கேட்கக்கூட இல்லை, நானே உன்னைக் கிளப்புக்கு அழைத்துப்போய் உதவியாளாகச் சேர்த்தேன். கத்தி பிடிக்கத் தெரியாது உனக்கு. புல்லை எந்த உயரத்தில் வெட்டுவது, எப்போது மணல் தூவுவது, எல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். கடைசியில் யாருக்கும் சொல்லாததையும் சொன்னேன். விளக்குக் கம்பத்துக்குக் கீழே இருக்கும் மூலையை நான் ஏன் தொடுவதில்லை என்று.

பிள்ளைப்பூச்சி வெளிச்சத்தைப் பார்த்துப் பறந்து வந்து விழும். அங்கேயே மண் இளகி, ஈரமாக இருந்தால் அங்கேயே தங்கும். பத்தடி மூலையை அதற்கு விட்டுக்கொடுத்தால் மீதித் தரைக்கு வராது. காலையில் பறவைகள் வந்து பாதியைத் தின்றுவிடும். பத்தொன்பது வருடம் அப்படித்தான் நடத்தினேன், ஒரு சொட்டு மருந்து இல்லாமல். நடுத்தரையில் ஒரு வளை உண்டா? நீயே தினமும் பார்த்தாய்.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. கமிட்டி மொத்தத்தையும் காலையில் வரவழைத்து, சோப்புத் தண்ணீர் கலந்த வாளியோடு நின்றாய். சோப்புத் தண்ணீர் உடம்பில் பட்டால் எரிச்சல் தாங்காமல் பிள்ளைப்பூச்சி மேலே வரும், அதையும் நான்தான் உனக்குக் கற்றுக் கொடுத்தேன். வாளியை எங்கே கவிழ்த்தாய்? சரியாக அந்த மூலையில். பதினேழு வந்தது. செயலாளர் வீட்டு அம்மா நாற்காலி மேல் ஏறி நின்றாள். தலைவர் என்னைப் பார்த்து, "இத்தனை வருஷமா இங்க பூச்சியா வளர்த்தீங்க?" என்றார். நீ வாளியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாய். 'மூலையில் மட்டும்தான் இப்படி' என்று நாலு வார்த்தை உன் வாயில் வரவில்லை. மறுநாள் என் சாவிக்கொத்து உன் இடுப்பில் தொங்கியது.

வேலியே பயிரை மேய்ந்ததைக் கேள்விப்பட்டிருக்கிறேன். வேலி வந்து, 'பயிர் பட்டுப்போச்சு, கொஞ்சம் நாற்று கொடு' என்று கேட்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.

புல் கிடையாது.

தண்ணீர் எத்தனை நேரம் நிற்கிறது? கத்தியைக் குத்திப் பார்த்தாயா, எவ்வளவு ஆழம் இறங்குகிறது?

உன் அண்ணி


பிப்ரவரி 14, வெள்ளி

அன்புள்ள அண்ணிக்கு,

இரண்டு மணி நேரம் நிற்கிறது. கத்தி இரண்டு விரல்தான் இறங்குகிறது, அதற்குக் கீழே செங்கல் மாதிரி இருக்கிறது.

நீங்கள் எழுதியதில் எதையும் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் பக்கத்தையும் கேளுங்கள். அந்த வருடம் அரையிறுதியில் ஒரு பந்து துள்ளியது. நீங்கள் அதைக் கூழாங்கல் என்றீர்கள், நான் குனிந்து பார்த்தேன், வளைதான். ஒன்றை விட்டால் நூறாகும் என்று எனக்குப் பயம். ஆட வருகிறவன் உங்கள் ஜீவகாருண்யத்தைக் கேட்கவா வருகிறான்? அவனுக்குப் பந்து நேராகப் போக வேண்டும். உங்களிடம் சொன்னால், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பீர்கள். நின்றீர்கள். அதனால் கமிட்டியிடம் போனேன். மூலையில் கவிழ்த்தது தப்பு. நடுவில் கவிழ்த்தால் ஒன்றும் வராமல் போய்விடுமோ என்று அங்கே கவிழ்த்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

முதல் கடிதத்தில் ஒன்றை மறைத்தேன். மார்ச் போட்டியில் தரை சரியில்லை என்றால் புல்லை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் விரிக்கப் போகிறார்கள். தலைவர் மாதிரித் துண்டு கொண்டுவந்து மேஜைமேல் வைத்திருக்கிறார். "இதுக்குத் தண்ணி வேண்டாம், தோட்டக்காரியும் வேண்டாம்" என்று என் முன்னாலேயே சொன்னார். என் வேலை போவது இருக்கட்டும். அது உங்கள் கையால் வளர்ந்த தரை.

என்ன நிபந்தனை வேண்டுமானாலும் போடுங்கள்.

உங்கள் பாப்பா


பிப்ரவரி 20, வியாழன்

பாப்பாவுக்கு,

சனிக்கிழமை உன் அண்ணன் வண்டியில் இருபத்திரண்டு துண்டு வரும். இரண்டு கூடுதல், நீ ஏதாவது ஒன்றைக் கிழிப்பாய் என்று தெரியும். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய குச்சி செருகியிருக்கிறேன், அந்த வரிசையிலேயே வை.

இது உனக்காக இல்லை. மேஜைமேல் பிளாஸ்டிக் துண்டு இருக்கிறது என்று எழுதினாயே, அதைப் படித்தபின் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்மேல் இருக்கிற ஆத்திரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

செங்கல் மாதிரி ஆனது ஏன் என்று புரிகிறதா? மண்புழு, வண்டு, பிள்ளைப்பூச்சி, மண்ணைக் குடைகிற எல்லாவற்றையும் கொன்றாய். குடைய ஆள் இல்லாவிட்டால் தண்ணீர் எந்த வழியாக இறங்கும்? முள்கரண்டியால் முழங்கை ஆழம் குத்தி, மணல் போட்டு, அப்புறம் துண்டை வை. மூன்று வாரத்துக்கு மருந்து டப்பாவைத் திறக்காதே.

நிபந்தனை இரண்டு. ஒன்று, அந்த மூலையை விட்டுவிடு. இரண்டு, இது யார் வீட்டுப் புல் என்று கமிட்டியில் எல்லார் முன்னாலும் சொல். பூச்சி வளர்த்தவள் வீட்டுப் புல் என்றே சொல், பரவாயில்லை. என் பெயர் அந்த அறையில் ஒரு தடவை நல்லவிதமாகக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

உன் அண்ணி


மார்ச் 8, சனி

அன்புள்ள அண்ணிக்கு,

பிடித்துவிட்டது. ஒட்டுப்போட்ட இடமே தெரியவில்லை. நேற்று தலைவர் குனிந்து தடவிப் பார்த்து, "எங்கேம்மா பிடிச்சே இதை?" என்று கேட்டார். கமிட்டி முழுக்க நின்றுகொண்டிருந்தது. உங்கள் பெயரைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் செயலாளர், "பாப்பா கை வெச்சா பட்ட மரமும் துளிர்க்கும்" என்று சொல்லிவிட்டார், எல்லாரும் சிரித்தார்கள். அந்த நேரத்தில் இல்லை என்று சொன்னால் நன்றாக இருக்காது. நானே தனியாகப் பாத்தி போட்டு வளர்த்ததாகச் சொல்லிவிட்டேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், போட்டி முடிந்ததும் பொறுமையாகச் சொல்கிறேன். குடும்பத்துக்குள் யார் பெயர் வந்தால் என்ன?

மூலையையும் சுத்தம் செய்துவிட்டேன். சாயங்காலம் அங்கே பூச்சி கத்துவது கேட்டது, பயந்துபோய் மருந்து போட்டேன். வாசலிலிருந்து நேராகக் கண்ணில் படுகிற இடம். வருகிறவர்கள் பதினாறு கிளப் ஆட்கள், நம் வீட்டு ஆட்கள் இல்லையே.

அண்ணனிடம் சொல்லுங்கள், போட்டிக்கு முன்வரிசை நாற்காலி எடுத்து வைத்திருக்கிறேன். நீங்களும் வந்தால் சந்தோஷம்.

உங்கள் பாப்பா


மார்ச் 12, புதன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. துண்டு பிடித்தது கேட்டு நிம்மதி. பெயர் விஷயத்தில் நீ சொல்வதும் சரிதான், குடும்பத்துக்குள் என்ன இருக்கிறது? நான்தான் சின்னப்பிள்ளைபோல அடம் பிடித்துவிட்டேன். மூலை போனது போகட்டும்.

ஒரு விஷயத்தை உன்னிடம் சொல்லவேண்டுமா வேண்டாமா என்று நாலு நாளாக யோசித்தேன். சொல்லாமல் இருந்தால் எனக்கு மனசு கேட்காது.

துண்டு வெட்டும்போது ஆறாவதின் அடியில் ஒரு சின்ன அறை இருந்தது, கோலிக்குண்டு போகிற அளவு. உள்ளே முட்டை, முப்பதுக்குக் குறையாது. தாய் பிள்ளைப்பூச்சி பக்கத்திலேயே காவல் இருந்தது. அது முட்டையை விட்டு நகராது, உனக்குத் தெரியுமோ என்னவோ. பதினொன்றிலும் பதினாலிலும் அதே மாதிரி. என் தோட்டத்தில் நான் எதையும் கொல்வதில்லை என்று உனக்குத் தெரியும். மண்ணால் மூடி அப்படியே அனுப்பிவிட்டேன்.

சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துப் பயனில்லை. முட்டைக்கு எரியாது, ஏறி வரக் காலும் கிடையாது. தாயும் இத்தனை நாளில் செத்திருக்கலாம். மாதக் கடைசியில் பொரிக்கும். நான் உன் இடத்தில் இருந்தால் ஒன்றும் செய்யாமல் விடுவேன். குஞ்சுகளால் முதல் மாதம் புல்லுக்கு ஒரு சேதமும் வராது, போட்டி முடிந்தபின் பறவைகள் பார்த்துக்கொள்ளும்.

மருந்து மட்டும் போடாதே. வேர் இப்போதுதான் ஊன்றுகிறது, இந்த வெயிலில் தாங்காது. போட்டே தீருவேன் என்றால், ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சொன்னதை நினைத்துக்கொள்.

அண்ணியாகச் சொல்ல வேண்டியது என் கடமை, சொல்லிவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு.

என்றும் உன் நலம் நாடும் அண்ணி


ஏப்ரல் 2, புதன்

பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போட்டிக்கு உன் அண்ணன் வந்திருந்தார் அல்லவா. வீட்டுக்குள் நுழைந்து தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். நான்தான் கேட்டுக் கேட்டு வாங்கினேன்.

"நடுவுல பூரா மஞ்சளா வெந்து கெடக்கு. பொட்டலத்துல போட்டிருந்த அளவு பத்தாதுன்னு ரெண்டு மடங்கு போட்டாளாம், மத்தியான வெயில்ல. பந்து அங்க வந்ததும் அப்படியே நின்னு போச்சு. ரெண்டாவது ஆட்டத்துலயே எல்லாரையும் வேற கிளப்புக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"பாப்பா என்ன பண்ணினா?" என்று கேட்டேன்.

"கொடைக்குக் கீழ நின்னா. யாரும் அவகிட்ட பேசல."

அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் அதே இடத்தில் அப்படித்தான் நின்றேன், எனக்குக் குடைகூட இல்லை.

இப்போது கேள். முட்டை கிடையாது. ஆறாவதில் இல்லை, பதினொன்றில் இல்லை, எதிலும் இல்லை. உனக்கு அனுப்புவதற்கு முன்னால் இரண்டு நாள் உட்கார்ந்து இருபத்திரண்டு துண்டுக்கும் சோப்புத் தண்ணீர் ஊற்றினேன், அடியைப் புரட்டி விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு எறும்பைக்கூட உன் தரைக்கு நான் அனுப்பவில்லை. அவ்வளவு சுத்தமான புல்லை இந்த ஊரில் யாரும் யாருக்கும் கொடுத்திருக்க மாட்டார்கள். அப்போது நான் நல்ல மனதோடுதான் இருந்தேன், அதை நீ நம்ப வேண்டும். எட்டாம் தேதிக் கடிதம் வரும்வரை.

என் கடிதத்தில் முட்டை ஒன்றுதான் பொய். மருந்து போடாதே என்றது நிஜம், தாங்காது என்றது நிஜம். சொன்னபடி சும்மா இருந்திருந்தால் கோப்பையை உன் தரையில் வைத்துக் கொடுத்திருப்பார்கள். உன்னால் சும்மா இருக்க முடியாது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற ஜாதி நீ. இல்லாத எலிக்கே கொளுத்தினாய். தீக்குச்சிகூட நான் தரவில்லை, எலி என்ற ஒரு சொல்தான் தந்தேன்.

பிளாஸ்டிக் வருகிறதாம், உன் அண்ணன் சொன்னார். வரட்டும். நீ வெறும் கையோடு அந்த வாசலைத் தாண்டுகிற அன்றைக்கு எனக்கு நல்ல நாள். பிள்ளைப்பூச்சிக்குக் கொடுக்கு முளைத்ததா என்று ஆச்சரியப்படாதே, நீ வாளியைக் கவிழ்த்த அன்றே முளைத்துவிட்டது.

ஞாயிறு இரவு நான்கு வருடத்தில் முதல் தடவையாக விடியும்வரை தூங்கினேன். நான் செய்ததைச் சொன்னபின் உன் அண்ணன் என்னோடு பேசுவதில்லை. அது என் பாடு.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

அண்ணி


ஏப்ரல் 20, ஞாயிறு

அண்ணிக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். நீங்கள் சொன்னதை நான் எப்போது கேட்டிருக்கிறேன்?

கேட்டு நம்பிய ஒரு தடவை அந்த முட்டை விஷயத்தில்தான். உங்கள் கடிதம் வந்த அன்று சாயங்காலமே ஆறாவது துண்டின் ஓரத்தைக் கத்தியால் தூக்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பதினொன்றைத் தூக்கினேன், பதினாலைத் தூக்கினேன், இல்லை. வேண்டாம் என்று எழுதியிருந்தும் மூன்று வாளி சோப்புத் தண்ணீர் ஊற்றினேன், வரவில்லை. என் கண் இல்லை என்றது, உங்கள் கடிதம் இருக்கிறது என்றது. எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை என்று முடிவு செய்தேன். நீங்கள் என்னைத் திட்டியிருக்கிறீர்கள், அண்ணனைப் பட்டினி போட்டிருக்கிறீர்கள், கமிட்டியோடு வருடம் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறீர்கள். ஆனால் புல்லைப் பற்றி நீங்கள் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. அதனால்தான் இரண்டு மடங்கு போட்டேன்.

நான் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. வாளியைக் கவிழ்த்தவள் நான். பெயரைச் சொல்லாமல் விழுங்கியவளும் நான்தான். என்னைப் பழி வாங்க உங்களுக்கு நியாயம் இருந்தது. ஆனால் பழி விழுந்தது என்மேல் இல்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு வேலை போகவில்லை. பிளாஸ்டிக்கையும் தினம் காலையில் ஒருதரம் தூரிகையால் வாரிவிட வேண்டுமாம், இல்லாவிட்டால் படிந்துவிடுமாம். அதற்கு ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்று தலைவர் என்னையே அந்த வேலைக்கு வைத்துக்கொண்டார். சாவிக்கொத்து இப்போதும் என்னிடம்தான். வேலை முன்பைவிடப் பாதி.

போன புதன்கிழமை புல்லை எடுத்தார்கள். ஒரு பக்கத்திலிருந்து இயந்திரத்தால் சீவிச் சுருட்டிக்கொண்டே வந்தார்கள், ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மஞ்சளானது கட்டில் அளவுதான், மீதி முழுக்கப் பச்சையாகவே இருந்தது. அதையும் சேர்த்துத்தான் லாரியில் போட்டார்கள். ஓட்டுநரிடம் எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டேன், குப்பை மேட்டுக்கு என்றார். ஒரு சுருளையாவது எடுத்து வைக்கலாம் என்று தோன்றியது. யாருக்கு என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

அடியில் கல்ஜல்லி, அதன்மேல் கறுப்பு விரிப்பு, அதன்மேல் பச்சை. மூலையில் சிமெண்ட் போட்டுப் பெஞ்சு வைத்துவிட்டார்கள். பந்து ரொம்ப நேராகப் போகிறது.

ஒரு நாள் அண்ணனோடு வந்து பாருங்கள். செருப்போடு மேலேயே நடக்கலாம், ஒன்றும் ஆகாது.

பாப்பா